அண்ணன் மகளின் மேற்கோள் கணக்கைப் பழுது பார்த்த வாரம்

மலேசியாவில் சுங்கை சிப்புட் டவுனில் எனக்கு ஒரு சின்னக் கடை. கைப்பேசி, கணினி பழுது பார்ப்பேன். உடைந்த திரை, ஊதிப்போன பேட்டரி, மழையில் நனைந்த மடிக்கணினி என்று வருவதெல்லாம் கையில் பிடித்துப் பார்க்கக்கூடிய பழுதுகள். போன தீபாவளிக்கு அண்ணன் மகள் கொண்டுவந்த பழுதைக் கையில் பிடிக்க முடியாது. ஆனால் அதைச் சரி பண்ணின விதம், கடையில் தினமும் செய்கிற வேலை போலத்தான் இருந்தது. எங்கே அறுந்திருக்கிறது என்று ஒவ்வொரு கம்பியாகத் தொட்டுப் பார்த்தோம்.

அவள் வானியற்பியல் ஆராய்ச்சி செய்கிறாள். விண்மீன்களுக்கு நடுவே பரவிக் கிடக்கும் வாயுவிலும் தூசியிலும் காந்தப்புலம் எவ்வளவு வலுவாக இருக்கிறது என்று அளப்பது அவள் துறை. ஒப்பந்த வேலை முடியப்போகிறது. நிரந்தர வேலைக்கு விண்ணப்பம் போட வேண்டும். படிவத்தில் மூன்று கட்டங்கள்: வெளியான கட்டுரைகள், அவற்றுக்குக் கிடைத்த மேற்கோள்கள், எச்-குறியீடு. அவள் பெயரைப் போட்டுத் தேடினால் வந்த விடை 11, 139, 6.

"சித்தப்பா, நான் எழுதினது இருபது. மீதி ஒன்பது எங்க போச்சுன்னே தெரியல" என்றாள். முகம் வாடியிருந்தது. எதிரில் வைத்த முறுக்கைக்கூட அவள் தொடவில்லை.

கடை ஒரு வாரம் அடைப்பு. பின்னறையில் மேசையைக் காலி பண்ணி, இரண்டு மடிக்கணினியைப் போட்டு உட்கார்ந்தோம். என்ன செய்தோம் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். நம் பிள்ளைகள் ஆராய்ச்சிக்குப் போகிறார்கள். பெயரில் ஏ/எல் (மகன்), ஏ/பி (மகள்) உள்ள யாருக்கும் இதே பழுது வரும்.

கணக்கு எப்படி வருகிறது

ஒரு ஆய்வுக் கட்டுரையின் கடைசியில், எந்தெந்த முந்தைய கட்டுரைகளைப் பயன்படுத்தினோம் என்று பட்டியல் இருக்கும். அந்தப் பட்டியலில் உங்கள் கட்டுரை இடம் பிடித்தால் உங்களுக்கு ஒரு மேற்கோள். இதையெல்லாம் திரட்டி, யாரை யார் மேற்கோள் காட்டினார்கள் என்று திருப்பித் தேடும்படி செய்தவர் யூஜீன் கார்ஃபீல்ட். அவருடைய அறிவியல் மேற்கோள் அட்டவணை 1964-இல் வெளியானது. வானியலுக்கு என்றே தனியாக ஒன்று உண்டு. நாசா பணம் கொடுக்க, ஹார்வர்டில் உள்ள ஸ்மித்சோனியன் வானியற்பியல் ஆய்வகம் நடத்தும் ஏடிஎஸ். யாரும் காசில்லாமல் பார்க்கலாம். வானியல்காரர்கள் காலையில் எழுந்ததும் முதலில் திறப்பது அதைத்தான் என்று அவள் சொன்னாள்.

எச்-குறியீடு 2005-இல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் கொண்டுவந்தது. அதைக் கணக்கிட கணினியே தேவையில்லை. கட்டுரைகளை, அதிக மேற்கோள் பெற்றதிலிருந்து தொடங்கி வரிசையாக அடுக்க வேண்டும். மேலிருந்து எண்ணிக்கொண்டே வர வேண்டும். மேற்கோள் எண், வரிசை எண்ணைவிடக் குறைந்துபோகிற இடத்தில் நிறுத்திவிட வேண்டும். அதற்கு முந்தைய வரிசை எண்தான் எச். கிடைத்த அந்த 11 கட்டுரைகளுக்கு ஒரு பழைய பில் தாளின் பின்பக்கம் எழுதிப் பார்த்தேன்: 41, 33, 22, 15, 10, 7, 5, 3, 2, 1, 0. ஆறாவது இடத்தில் 7 இருக்கிறது, சரி. ஏழாவது இடத்தில் 5, போதாது. ஆக எச் 6. கணினி கணக்குத் தப்பவில்லை. அதன் கைக்கு வந்த சரக்குத்தான் பாதி.

முதலில் நல்ல பேட்டரியில்

மீட்டர் வாங்கினால் முதலில் நல்ல பேட்டரியில் வைத்துப் பார்ப்பேன். அது சரியாகக் காட்டினால்தான் பழுதான பேட்டரிக்குக் கொண்டுபோவேன். அதே மாதிரி, எல்லாருக்கும் தெரிந்த ஓர் ஆளின் கணக்கை முதலில் எடுத்துப் பார்க்கலாம் என்றேன். அவள் யோசிக்காமல் சொன்ன பெயர் வானியற்பியலாளர் சந்திரசேகர். அவள் தினமும் பயன்படுத்தும் முறையே அவருடையது. 1953-இல் சந்திரசேகரும் இயற்பியலாளர் என்ரிகோ ஃபெர்மியும் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது.

அது என்ன முறை என்று கேட்டேன். பின்வாசலில் துணி காயும் கொடிக்கயிற்றைக் காட்டினாள். கயிறு இழுத்துக் கட்டியிருந்தால் காற்றில் அவ்வளவாக ஆடாது, தொய்வாக இருந்தால் அலையும். காந்தப்புலமும் அப்படித்தான். வலுவாக இருந்தால், வாயு எவ்வளவு கொந்தளித்தாலும் அதன் கோடுகள் நேராகவே இருக்கும். தூசித் துகள்கள் அந்தக் கோட்டுக்கு ஏற்பத் திரும்பி நிற்பதால், அதன் வழியே வரும் நட்சத்திர ஒளி ஒரு பக்கமாக அதிரும். அந்தக் கோணங்கள் எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்று அளந்தால் கயிறு எவ்வளவு இறுக்கம் என்று தெரிந்துவிடும். லெவரெட் டேவிஸ் என்பவர் 1951-இலேயே இதே வழியில் கணக்கிட்டிருந்தார். அதனால் இப்போது மூன்று பேர் பெயரையும் சேர்த்தே சொல்கிறார்கள்.

ஏடிஎஸ்ஸில் கணக்குத் திறந்தால், நம் நிரல் நேராகத் தகவல் கேட்பதற்கு ஏபிஐ சாவி ஒன்று கொடுப்பார்கள். அதை வைத்துப் பைத்தானில் இருபது வரி எழுதினேன். பெயரைக் கொடுத்தால் தலைப்பு, ஆண்டு, ஆசிரியர்கள், மேற்கோள் எண்ணிக்கை எல்லாம் வந்து எக்செல்லில் விழ வேண்டும். ஓட்டினேன். மொத்தம் 10 வரி வந்தது. வாழ்நாளில் ஏறக்குறைய 380 கட்டுரை எழுதிய மனிதருக்குப் பத்தா? அரை மணி நேரம் சாவியைச் சந்தேகப்பட்டேன், இணைய இணைப்பைச் சந்தேகப்பட்டேன். கடைசியில் பார்த்தால், எத்தனை வரி வேண்டும் என்று நாம் சொல்லாவிட்டால் அது முதல் பத்தை மட்டும்தான் கொடுக்கும். ஒரே தடவையில் 2000 வரை கேட்கலாம். அந்த எண்ணை எழுதிச் சேர்த்ததும் மழை கொட்டுவது போலக் கொட்டியது.

கொட்டியதில் பாதி வேறு விஷயம். திரவப் படிகம் பற்றிய கட்டுரைகள் வரிசையாக நின்றன. தொலைக்காட்சித் திரையில் இருக்கிற அந்த வகைப் பொருள். சந்திரசேகர் அதில் எப்போது வேலை செய்தார் என்று எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் சிரித்துவிட்டாள். அது இன்னொரு எஸ். சந்திரசேகர். சிவராமகிருஷ்ண சந்திரசேகர், பெங்களூரில் இருந்தவர். தட்டு வடிவ மூலக்கூறுகளும் திரவப் படிகமாக அடுக்கி நிற்கும் என்று 1977-இல் தன் குழுவோடு கண்டுபிடித்தவர். நம் சந்திரசேகர், சுப்ரமணியன் சந்திரசேகர். ஒருவருக்கு சர் சி. வி. ராமன் தாய்மாமா, இன்னொருவருக்கு அதே ராமன் சித்தப்பா. ஒரே குடும்பம், ஒரே இனிஷியல், ஒரே பெயர். கணினிக்கு இருவரும் ஒரே ஆள்.

வடிகட்ட என்னென்னவோ செய்து பார்த்தோம். வானியல் பிரிவை மட்டும் தேர்ந்தெடுத்தால் திரவப் படிகம் போய்விடுகிறது, ஆனால் பாய்மங்களைப் பற்றி சுப்ரமணியன் சந்திரசேகர் எழுதியவையும் கூடவே போய்விடுகின்றன. ஆண்டை வைத்துப் பிரிக்கவும் முடியாது, இரண்டு பேரும் ஒரே காலத்தில் எழுதிக்கொண்டிருந்தவர்கள். கடைசியில் தலைப்பைப் படித்துப் படித்துக் கையாலேயே பிரித்தோம். இதற்குக் குறுக்கு வழி இல்லை என்பது என் முடிவு. புத்தகங்களில் வேறொரு சிக்கல். கதிர்வீச்சுப் பரிமாற்றம் பற்றிய அவருடைய நூல் 1950-இல் வந்தது, டோவர் மறுபதிப்பு 1960-இல். நீர்ம நிலைப்புத்தன்மை பற்றிய பெரிய நூல் 1961, அதன் டோவர் பதிப்பு 1981. படிக்கிறவர் கையில் எந்தப் பதிப்பு இருக்கிறதோ அந்த ஆண்டைப் போட்டு மேற்கோள் காட்டுவார். ஆகவே ஒரே நூலின் மேற்கோள் இரண்டு பதிவுகளாகப் பிரிந்து கிடக்கிறது.

சுத்தம் பண்ணின பட்டியலை வைத்து ஆண்டுவாரியாக வரைபடம் போட்டபோதுதான் எனக்கு உண்மையில் ஆசை வந்தது. எரிந்து முடிந்து சுருங்கிய விண்மீனான வெள்ளைக் குறு விண்மீனின் நிறைக்கு ஓர் எல்லை உண்டு என்று காட்டிய அவருடைய 1931 கட்டுரை, அதுதான் அவரை உலகத்துக்குக் காட்டியது. அந்த எல்லை சூரியனைப் போல ஏறத்தாழ 1.4 மடங்கு என்று இன்று சொல்கிறார்கள். அதற்குத்தான் அதிக மேற்கோள் இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. 1943-இல் அவர் எழுதிய, துகள்கள் தாறுமாறாக அலைவதைப் பற்றிய நீண்ட கட்டுரை ஆயிரக்கணக்கில் மேற்கோள் பெற்று அதைத் தாண்டி நிற்கிறது. வேதியியல்காரர், உயிரியல்காரர் என்று எல்லாரும் அதை எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். எல்லையைப் பற்றிப் பேசுகிறவர்களோ "சந்திரசேகர் எல்லை" என்று பெயரைச் சொல்லிவிட்டு அப்படியே போய்விடுகிறார்கள், மூலக் கட்டுரையைக் குறிப்பிடுவதில்லை. ஒரு கண்டுபிடிப்பு பொதுச்சொத்தாகிவிட்டால் மேற்கோள் நின்றுபோகும் என்று சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் ஏற்கெனவே சொல்லியிருக்கிறார்.

இன்னொரு வரைபடம் இதைவிட அழகு. 1960-இல் அவர் எழுதிய ஒரு சிறு கட்டுரை. உருளைகளுக்கு நடுவே சுழலும், மின்சாரம் கடத்தும் திரவத்தில் காந்தப்புலம் இருந்தால் அதன் ஓட்டம் எப்படி நிலைகுலையும் என்பது பற்றியது. ரஷ்யாவில் வெலிகோவ் அதற்கு முந்தைய ஆண்டே இதைத் தொட்டிருந்தார். வரைபடத்தில் முப்பது ஆண்டுகளுக்குத் தரையோடு தரையாகப் புல் மாதிரி கோடு. 1991-இல் பால்பஸ், ஹாலி என்ற இரண்டு வானியற்பியலாளர்கள், கருந்துளையைச் சுற்றிச் சுழலும் வாயுத் தட்டு ஏன் உள்நோக்கி விழுகிறது என்பதற்கு விடை இந்த நிலையின்மையில்தான் இருக்கிறது என்று காட்டினார்கள். அதற்குப் பிறகு கோடு குன்று மாதிரி எழும்புகிறது. ரப்பர்க் காட்டில் வெயில் ஏறினதும் காய் 'பட்'டென்று வெடித்துக் கொட்டை தூரப் போய் விழும் சத்தம் எங்கள் வயதுக்காரர்களுக்குத் தெரியும். அத்தனை நாள் அமைதியாகத் தொங்கிக்கொண்டிருந்த காய்தான் அது. 1975-இல் ஒருவர் அந்தக் கட்டுரையின் கணக்கைப் பார்த்திருந்தால் வீண் வேலை என்று எழுதியிருப்பார். நான் அந்த வரைபடத்தை அச்செடுத்துக் கடைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

பெயர்தான் பழுது

மூன்றாம் நாள்தான் அவள் கணக்குக்கு வந்தோம்.

ஏடிஎஸ் பெயரை இரண்டாகப் பிரிக்கும். காற்புள்ளிக்கு முன்னால் குடும்பப் பெயர், பின்னால் சொந்தப் பெயர். நமக்குக் குடும்பப் பெயரே கிடையாது. சந்திரசேகருக்கு அப்பா பெயர் சுப்ரமணியன், அதை முன்னால் இனிஷியலாகப் போட்டார். சொந்தப் பெயர் கடைசியில் நின்றதால் அதுவே குடும்பப் பெயர் போல நிலைத்துவிட்டது. அவருக்கு அது நல்லதாகவே முடிந்தது. 1999-இல் நாசா விண்ணுக்கு அனுப்பிய எக்ஸ் கதிர்த் தொலைநோக்கிக்கு சந்திரா என்றே பெயர். நம் மலேசிய அடையாள அட்டையான ஐ.சி.யில் வரிசை நேர்மாறு. முதலில் சொந்தப் பெயர், நடுவில் ஏ/எல் அல்லது ஏ/பி, கடைசியில் அப்பா பெயர். அனாக் லெலாக்கி, அனாக் பெரம்புவான் என்பதன் சுருக்கம் அது என்று மலேசியாவுக்கு வெளியே யாருக்குத் தெரியும்?

அவள் பெயர் 'க'வில் தொடங்கும், அண்ணன் பெயர் 'ம'வில். முழுப் பெயரை இங்கே போடவில்லை. 11 கட்டுரைகள் 'ம' என்ற குடும்பப் பெயரின் கீழ் ஒழுங்காக இருந்தன. இன்னும் 5, 'க' என்பதையே குடும்பப் பெயராக வைத்துக் கிடந்தன. அவற்றை அனுப்பிய மூத்த ஆசிரியர், அவளை எப்படிக் கூப்பிடுவாரோ அப்படியே பதிந்துவிட்டார். வேறு 3 கட்டுரைகளில் ஏ/பி-யின் சாய்கோடு விழுந்துபோய், ஏ. பி. என்று இரண்டு நடு எழுத்துகளாக மாறியிருந்தது. ஒரு மனுஷி, மூன்று பேராக.

இதைப் பார்த்ததும் எனக்கு அம்மா நினைவுதான் வந்தது. அம்மாவுக்கு ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டு வேலை. தோட்டத்தில் அம்மா பெயரிலேயே மூன்று பேர் இருந்தார்கள். விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில், தோட்டக் கணக்கரான கிராணி ஒரு பெயரைக் கூப்பிட்டால் மூன்று பேரும் கை தூக்குவார்கள். செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டு எழுதுவார். ஒரு மாதம் அம்மாவுடைய பால் எடை இரண்டாம் எண்ணில் ஏறிவிட்டது. சம்பள நாளில்தான் தெரிந்தது. அந்த அம்மாள் நல்லவர், வீட்டுக்கே வந்து காசைக் கொடுத்துவிட்டுப் போனார். கணினியில் அப்படி யாரும் வந்து கொடுக்க மாட்டார்கள்.

மூன்று பெயரையும் சேர்த்துத் தேடும்படி நிரலை மாற்றினேன். 'க' பெயரில் வந்தவை: 64, 18, 9, 4, 1. ஏ. பி. போட்டவை: 21, 12, 6, 0. இங்கே நான்கு எண் வருகிறதே, கட்டுரை மூன்றுதானே என்று பார்த்தால், ஒரு கட்டுரை இரண்டு தடவை இருந்தது. ஆர்க்சைவ் என்ற இணையக் களஞ்சியத்தில் முன்வரைவாகப் போட்டபோது ஒரு தலைப்பு, இதழில் வந்தபோது வேறு தலைப்பு. வழக்கமாக ஏடிஎஸ் இரண்டையும் தானே கண்டுபிடித்துச் சேர்த்துவிடும், இது தப்பிவிட்டது. 21-ம் 6-ம் ஒன்றாகி 27 ஆனது. மொத்தத்தையும் ஒரே வரிசையில் அடுக்கினோம்: 64, 41, 33, 27, 22, 18, 15, 12, 10, 9, 7, 5, 4, 3, 2, 1, 1, 0, 0. ஒன்பதாவது இடத்தில் 10, பத்தாவது இடத்தில் 9. எச் 9. மேற்கோள் 274. காலையில் 139 என்று நின்ற கணக்கு.

அவளே பில் தாளை எடுத்து இன்னொரு முறை கூட்டிப் பார்த்தாள். அப்புறம் போய் முறுக்கு டப்பாவை எடுத்து வந்தாள்.

ஆனால் 19 தான் வந்திருந்தது. 20-ஆவது கட்டுரை, மாணவியாக இருந்தபோது ஒரு மாநாட்டில் வாசித்தது, எந்தப் பெயரிலும் அகப்படவில்லை. ஏடிஎஸ்ஸில் ஏற்றவே இல்லை போலிருக்கிறது என்று விட்டுவிட்டோம்.

மெட்ரோலேக்

ஏடிஎஸ் பக்கத்தில் எச் மட்டும் இல்லை. ஜி, எம், ஐ10, ஐ100 என்று குறியீடுகளை வரிசையாகக் காட்டுகிறது. பெரும்பாலானவை எனக்கு மனதில் நிற்கவில்லை. ஒன்று மட்டும் நின்றது. ஒவ்வொரு கட்டுரையின் மேற்கோளையும் ஆசிரியர் எண்ணிக்கையால் வகுத்துக் காட்டும் கணக்கு.

அதை ரப்பர்ப் பால் ஸ்டோரில் வளர்ந்தவனுக்கு விளக்கவே வேண்டாம். வாளியில் எத்தனை கிலோ பால் என்பது ஒரு கணக்கு. அதில் ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்பது வேறு கணக்கு. நூறு கிலோ பாலில் காய்ந்த ரப்பர் முப்பதிலிருந்து நாற்பது கிலோதான் தேறும். அதைப் பார்க்க மெட்ரோலேக் என்ற மிதவையைப் பாலில் போடுவார்கள். அது எந்தக் கோடு வரை மூழ்குகிறது என்று கிராணி குனிந்து பார்ப்பார். அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது இன்றும் கண்ணில் இருக்கிறது.

அவளுடைய 64 மேற்கோள் கட்டுரையில் ஆசிரியர்கள் 16 பேர். வகுத்தால் 4. அவளும் அவள் ஆசிரியரும் இரண்டு பேராக எழுதிய கட்டுரைக்கு மேற்கோள் 22. வகுத்தால் 11. வரிசை அப்படியே புரண்டுவிட்டது. இரண்டு பேர் எழுதியதுதான் அவள் மனதுக்கு நெருக்கமான வேலை. எட்டு மாதம் தூக்கம் கெட்டு எழுதியதாம். அந்த எண்ணைப் பார்த்ததும் அவள் முகத்தில் வந்த மலர்ச்சியை நான் பார்த்தேன்.

இருந்தாலும் இந்த வகுத்தல் கணக்கை மட்டும் நம்புவதும் நியாயமில்லை என்று நான் நினைக்கிறேன். 2017-இல் இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதியதை ஈர்ப்பலையிலும் ஒளியிலும் சேர்த்துப் பார்த்தார்கள். அதைப் பற்றிய கூட்டுக் கட்டுரையில் 3,500 பேருக்கு மேல் ஆசிரியர்கள். வகுத்துப் பார்த்தால் ஆளுக்கு ஒன்றும் தேறாது. ஆனால் அத்தனை பேர் அத்தனை தொலைநோக்கிகளில் கண் வைத்திருக்காவிட்டால் அந்த மோதலை அப்படிப் பார்த்திருக்கவே முடியாது. படிவத்தில் இரண்டு எண்ணையும் எழுதச் சொன்னேன், எழுதினாள்.

திருத்தக் கேட்டது

நிரலில் சேர்த்துப் பார்ப்பது நமக்கு மட்டும்தான் தெரியும். விண்ணப்பத்தைப் படிக்கிறவர் ஏடிஎஸ்ஸில் நேராகத் தேடுவார். அதனால் மூலத்திலேயே சரி பண்ண வேண்டும். இரண்டு வேலை செய்தோம்.

ஏடிஎஸ்ஸிலேயே திருத்தப் படிவங்கள் உண்டு. பதிவில் உள்ள தவற்றுக்கு ஒன்று, விடுபட்ட மேற்கோளுக்கு ஒன்று. முன்வரைவும் இதழ்க் கட்டுரையும் ஒன்றே என்று எழுதி, இரண்டின் அடையாளக் குறியையும் கொடுத்தோம். அந்தக் குறி 19 எழுத்து நீளம். ஆண்டு, இதழின் சுருக்கம், தொகுதி, பக்கம், கடைசியில் முதல் ஆசிரியர் பெயரின் முதல் எழுத்து. இடையில் காலியான இடங்களைப் புள்ளி வைத்து நிரப்புவார்கள். கையால் அடித்தால் கட்டாயம் ஒரு புள்ளி கூடும் அல்லது குறையும். நான் இரண்டு தடவை தப்பாக அடித்தேன். நகலெடுத்து ஒட்டுவதுதான் நல்லது. ஏ. பி. என்று வந்த மூன்று கட்டுரைகளுக்கும் அவள் பணிவாக, ஏ/பி என்பது பெயரின் பகுதி இல்லை, 'மகள்' என்று பொருள் தரும் மலாய்ச் சுருக்கம் என்று நான்கு வரி எழுதினாள். சில நாளில் நல்லபடியாகப் பதில் வந்தது.

அடுத்தது ஆர்கிட் எண். 2012-இல் தொடங்கியது. ஆராய்ச்சியாளர் ஒவ்வொருவருக்கும் 16 இலக்க எண், பெயர் எப்படி மாறினாலும் எண் மாறாது. நம் ஐ.சி. எண்ணில் பிறந்த தேதியும், 08 என்றால் பேராக் என்று ஊரும் தெரிந்துவிடும். ஆர்கிட் எண்ணில் ஆளைப் பற்றி ஒன்றுமே இல்லை. கடைசி இலக்கம் மட்டும் சோதனைக்கு. முதல் 15 இலக்கத்தையும் இடமிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, இதுவரை வந்த தொகையோடு கூட்டி, இரண்டால் பெருக்கிக்கொண்டே போக வேண்டும். முடிவில் வருவதை 11-ஆல் வகுத்து, மீதியை 12-இலிருந்து கழித்து, அதை மறுபடி 11-ஆல் வகுத்தால் கிடைக்கும் மீதிதான் 16-ஆவது இலக்கம். 10 வந்தால் எக்ஸ் என்று போடுவார்கள். அவள் விண்ணப்பத்தில் அந்த எண்ணைக் கையால் அடித்திருந்தாள். என் நிரலில் போட்டேன், ஒத்துவரவில்லை. பார்த்தால் நடுவில் இரண்டு இலக்கம் இடம் மாறியிருந்தது. அனுப்புவதற்கு முன்பே பிடித்துவிட்டோம்.

எண்ணை ஏடிஎஸ்ஸோடு இணைத்து, 19 கட்டுரையையும் ஒவ்வொன்றாகத் தன்னுடையது என்று உரிமை கோரினாள். ஸ்கோபஸ் என்ற இன்னொரு மேற்கோள் தளத்திலும் இதே மாதிரி ஒரே ஆளுக்கு இரண்டு ஆசிரியர் எண் இருந்தது. ஒன்றாக்கச் சொல்லி அங்கேயும் விண்ணப்பித்தோம்.

அண்ணன் வந்தார்

ஆறாம் நாள் சாயங்காலம் அண்ணன் கடைக்கு வந்தார். பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்கிய மூன்று தே ஓ (பாலில்லாத தேநீர்) அவர் கையில் தொங்கின. தோட்டத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தவர், அதிகம் பேச மாட்டார். மகளும் தம்பியும் ஒரு வாரமாக அறைக்குள் என்ன செய்கிறார்கள் என்று பார்க்கத்தான் வந்திருக்கிறார். அச்செடுத்த பட்டியலை அவரிடம் கொடுத்தாள்.

"இதெல்லாம் நீ எழுதினதா?"

"ஆமாப்பா. முன்னாடி இருக்கிறது உங்க பேரு. பின்னாடிதான் நான்."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலை வைத்து வைத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். 19 வரியிலும் அவர் பெயர் இருந்தது. கடைசி வரிக்கு வந்ததும் நிமிர்ந்தார்.

"என் பேர்ல ஒரு எச் குறையுதே."

அண்ணன் பெயரில் ஒரு 'த' வரும். அதை ஆங்கிலத்தில் 'டி' என்று மட்டும் எழுதுகிறவர்கள் உண்டு, 'டி'யும் 'எச்'சும் சேர்த்து எழுதுகிறவர்களும் உண்டு. பணப்பையிலிருந்து ஐ.சி.யை எடுத்துக் காட்டினார். அதில் எச் இருந்தது. அவள் பிறந்தபோது தோட்டத்தில் எழுதிக் கொடுத்த தாளில் எச் இல்லை, அது அப்படியே அவள் சூராட் பெரானாக்கில் (பிறப்புச் சான்றிதழில்) ஏறிவிட்டது. பள்ளிக்கூடம், பல்கலைக்கழகம், பாஸ்போர்ட் எல்லாம் அதன்படியே.

அவள் ஐ.சி.யையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா, முதல் மாநாட்டுக்குப் போனப்ப நீங்கதானே ஜாமீன் கையெழுத்துப் போட்டீங்க?"

"ஆமா. ஐ.சி. நகல்கூடக் கொடுத்தேனே."

நாற்காலியை இழுத்துக்கொண்டு விசைப்பலகைக்குப் போனாள். ஒரு எச் சேர்த்துத் தேடினாள். ஒரே ஒரு வரி வந்தது. மாநாட்டு அமைப்பாளர்கள் பெயரை அந்தத் தாளிலிருந்துதான் எடுத்திருக்கிறார்கள். மேற்கோள் 2. எதற்கும் இருக்கட்டும் என்று, எச் வரக்கூடிய இடத்தில் நட்சத்திரக் குறி போட்டு எல்லா எழுத்து வகையையும் சேர்த்து நான் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். வேறு எதுவும் விடுபடவில்லை.

கட்டுரை 20, மேற்கோள் 276, எச் 9. அண்ணன் தே ஓ பையில் ஸ்ட்ராவைக் குத்திக்கொண்டே, எச் உள்ள அந்த ஒரு வரியைத் தனியாக ஒரு தாளில் அச்செடுத்துத் தரச் சொன்னார்.